கணிப்பொறிக்கு நினைவு எவ்வளவு வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் முன்னோருக்கு நினைவில் எழுந்தது 1017-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய இராமாநுசரின் திருவுருவம். இன்று கல்லூரியில் பயிலும் இளைஞரைக் கேட்டால், தொழிற்சாலைகளும் பணியாளர் பேருந்துகளும் அவர் கண்முன் வந்து நிற்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்திற்குச் செல்லும் சாலையும் தழுவிக் கிடக்கும் அந்நிலப்பரப்பு, ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த பூமி. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஓரகடம் என்னும் ஊர்களின் பெயர்கள் இப்பொழுது உலக வாணிகத்தில் வழங்குகின்றன. ஓரகடத்தில் பெரும்பாலும் மோட்டார் வண்டிகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பெரும்பாலும் மின்னணுக் கருவிகள். நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006-இல் அங்கே தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. டெல் நிறுவனம் 2007-இல் சுங்குவார்சத்திரத்தில் கணிப்பொறி ஆலையைத் திறந்தது. எச்.பி. நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள பிளெக்ஸ் ஆலையில் மடிக்கணினிகளைச் செய்து வருவதாக 2021-இல் அறிவித்தது.

அங்கே உருவாகும் பொருளின் உள்ளமைப்பைப் பற்றியே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் என்னிடம் ஓயாது கேட்கும் வினாக்கள் இரண்டு. 'எட்டு கிகாபைட் நினைவகம் போதுமா, பதினாறு வேண்டுமா?' என்பது ஒன்று. 'விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா?' என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தந்தையார் கடன் வாங்கியோ, தாயார் சீட்டுப் பணத்தை எடுத்தோ ஒரு கணிப்பொறி வாங்கித் தரும் வீடுகள் நம் நாட்டில் ஏராளம். அவ்வீட்டுப் பிள்ளை விளம்பரத்தை நம்பி விடை காண்பதற்கும், பொறி இயங்கும் முறையை அறிந்து விடை காண்பதற்கும் உள்ள வேறுபாடு சில ஆயிரம் ரூபாய்.

நினைவகம் என்பது யாது? நெற்களத்தை எண்ணிப் பாருங்கள். அறுத்த கதிர்க்கட்டுகளைக் களத்தில் பரப்பி அடித்துத் தூற்றுகிறார்கள். தூற்றிய நெல்லைக் குதிரில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். வேலை நடப்பது களத்தில். பொருள் தங்குவது குதிரில். கணிப்பொறியில் களமாக இருப்பது நினைவகம்; குதிராக இருப்பது வன்தட்டு அல்லது அதன் இடத்தை இப்பொழுது பிடித்துவிட்ட திண்மச் சேமிப்பகம். 'என் கணினியில் 256 கிகாபைட் நினைவு இருக்கிறது' என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் குதிரின் அளவைக் களத்தின் அளவாகக் கருதிவிட்டார் என்று பொருள். குதிர் எவ்வளவு பெரிதாயினும் களம் குறுகலாயிருந்தால் அடிப்பு விரைவாக நடக்காது. களத்தில் கிடப்பதற்கு இன்னொரு இயல்பும் உண்டு. மின்சாரம் நின்றால் நினைவகத்திலுள்ளது அனைத்தும் அழிந்துபோம். குதிரில் உள்ளது அப்படியே இருக்கும்.

ஏன் அழிகிறது? இங்கேதான் வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது. இன்றைய நினைவகச் சில்லில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் ஏற்றி வைத்த மின்னூட்டமாகவே இருக்கிறது. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. இத்தகைய மின்தேக்கி ஒன்றும், அதற்குக் கதவுபோல் நிற்கும் டிரான்சிஸ்டர் ஒன்றும் போதும் என்று கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த இராபர்ட் டென்னார்டு. அவருக்கு 1968-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. எளிமையான அமைப்பு, ஆதலால் மலிவு. ஆனால், அந்த மின்தேக்கி ஓர் ஓட்டைக் குடம். ஊற்றிய நீர் கசிந்துகொண்டே இருக்கும். குடம் வற்றுமுன் எட்டிப் பார்த்து, நீர் இருந்த குடத்தை மீண்டும் நிரப்பிவிட வேண்டும். வழக்கமான சில்லுகளில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை இவ்வாறு படித்துப் புதுப்பிக்கிறார்கள். நீங்கள் கணிப்பொறியின் முன் சும்மா அமர்ந்திருக்கும் போதும், ஒரு வினாடியில் பதினைந்து தடவைக்கு மேல் அந்தக் கோடிக்கணக்கான குடங்கள் யாவும் நிரப்பப்படுகின்றன.

நம் நாட்டில் இதற்கு முன்பு இருந்த நிலை வேறு. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்த டிஃப்ராக் என்னும் கணிப்பொறி 1960-இல் பணி தொடங்கியது. அதன் நினைவகம் சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தது. 40 துணுக்குகள் கொண்ட சொற்கள் 2,048 அதில் அடங்கும். கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து கிலோபைட். இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து எட்டு கிகாபைட் நினைவகத்துடன் வெளிவரும் ஒரு மடிக்கணினி, அதைப்போல் எட்டு இலட்சம் மடங்குக்கு மேல் நினைவாற்றல் உடையது. 'நினைவகம்' என்னும் தமிழ்ச் சொல்லை இன்றைய முறையில் கணிப்பொறியில் எழுதி வைக்க 24 பைட் தேவை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அந்தச் சொல் எட்டுக் குறியீடுகளால் ஆனது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். இதைக் கேட்டுத் தமிழுக்கு அநீதி என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு முழு நாவலே சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நினைவகத்தை விழுங்குபவை எழுத்துகள் அல்ல. படங்களும், அசையும் படங்களும், அவற்றைச் சுமந்து வரும் இணைய உலாவியுமே.

இனி, களம் நிரம்பிவிட்டால் என்ன நிகழும் என்பதைப் பார்ப்போம். பொறி நின்றுவிடுமா? நிற்பதில்லை. மேற்பார்வையாளன் ஒருவன் களத்தின் ஓரத்தில் நெடுநேரமாகத் தொடப்படாமல் கிடக்கும் கட்டுகளை எடுத்துக் குதிரின் ஒரு மூலையில் வைக்கிறான். அவ்விடத்தில் புதிய கட்டைப் பரப்புகிறான். பழைய கட்டு வேண்டும்போது மறுபடி இடம் மாற்றுகிறான். இந்த மேற்பார்வையாளனே இயங்குதளம். இவ்வேலையைப் பொறியே தானாகச் செய்யுமாறு முதலில் அமைத்துக் காட்டியவர்கள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து அறிஞர்கள். 1962-இல் அவர்கள் இயக்கிய அட்லஸ் என்னும் பொறியில் காந்த வளைய நினைவகமும் அதற்குத் துணையாகச் சுழலும் காந்த உருளையும் இருந்தன. நிரல் எழுதுபவனுக்கோ இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் போலத் தோன்றின. இல்லாத இடத்தை இருப்பதுபோல் காட்டிய அந்த உத்தி இன்று உங்கள் மேசைமேல் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியிலும் நடைபெறுகிறது.

ஆனால் அதற்கு விலை உண்டு. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய நூறு நானோ வினாடி ஆகிறது. சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறக்குறைய பத்து மில்லி வினாடி. ஒரு இலட்சம் மடங்கு வேறுபாடு! முன்னதை ஒரு வினாடி என்று கொண்டால், பின்னது ஒரு முழு நாளையும் கடந்து மறுநாள் காலைவரை நீளும். திண்மச் சேமிப்பகமாயின் அக்கணக்கில் கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். பழைய கணிப்பொறியில் வன்தட்டை எடுத்துவிட்டுத் திண்மச் சேமிப்பகம் பொருத்தியவுடன் அது புத்துயிர் பெற்றதுபோல் ஓடுவதற்குக் காரணம் இதுவே. பற்றாக்குறை அளவு மீறிப் போனால் மேற்பார்வையாளன் கட்டுகளை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பொழுதைப் போக்குவான், கதிரடிப்பு நடைபெறாது. வட்டு விளக்கு ஓயாமல் மின்ன, சுட்டெலியின் அம்பு அசைய மறுக்கும் நிலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு நிரல் எந்நேரமும் கையருகே வைத்திருக்க வேண்டிய பகுதி இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு என்பதையும், அவ்வளவுக்குக் களத்தில் இடமில்லாவிட்டால் இத்தகைய தவிப்பு நேரும் என்பதையும் பீட்டர் டென்னிங் என்பவர் 1968-இல் தெளிவாக ஆராய்ந்து எழுதினார்.

ஆக, நினைவகத்தைப் பற்றிய விதி விந்தையானது. தேவைக்குக் குறைந்தால் பொறி தள்ளாடும். தேவைக்கு மிஞ்சினால் விரைவு கூடுமா? பெரும்பாலும் கூடாது. உலாவி, எழுத்துப்பணி, வகுப்புப் பாடங்களைக் காணுதல் ஆகிய வேலைகளுக்கு எட்டு கிகாபைட் போதும். முப்பத்திரண்டு வைத்திருப்பவரின் கட்டுரை எட்டு வைத்திருப்பவரின் கட்டுரையைவிட விரைவில் முடிவதில்லை. படம் தொகுப்போர், பொறியியல் வரைபடம் வரைவோர், பெரிய நிரல்களைத் தொகுப்போர் ஆகியோருக்குப் பதினாறு அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகிறேன். பணி மேலாளர் என்னும் பலகையைத் திறந்து, 'ஒன்றும் செய்யாமலே நினைவகத்தில் பாதி போய்விட்டதே!' என்று பதறுவோர் பலர். எட்டு கிகாபைட் உள்ள பொறியில் விண்டோஸ் 11 எழுந்து நின்றவுடனே ஏறக்குறைய மூன்று கிகாபைட் செலவாகியிருப்பதைக் காணலாம். எளிய மேசைத்தளத்துடன் கூடிய லினக்ஸ் அரை கிகாபைட்டிலிருந்து ஒன்றுக்குள் எழுந்து நிற்கும். இவ்வேறுபாடு உண்மை. ஆயினும் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. வெறுமையாய்க் கிடக்கும் களத்தால் யாருக்கும் பயனில்லை அன்றோ? ஆதலால் இரு இயங்குதளங்களுமே மிஞ்சிய இடத்தில், அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்கின்றன. மீண்டும் கேட்டால் குதிருக்குப் போகாமல் கொடுத்துவிடலாம். உண்மையான தேவை வந்தால் அவற்றை நொடியில் அகற்றி இடம் தருகின்றன. லினக்சில் 'வெறுமையாக உள்ளது' என்று ஓர் எண்ணும், 'கொடுக்கக்கூடியது' என்று வேறோர் எண்ணும் தனித்தனியே காட்டப்படுவது இதனால்தான். பார்க்க வேண்டியது இரண்டாவது எண். நினைவகத்தைத் 'துப்புரவு' செய்து தருவதாகச் சொல்லும் செயலிகள், இயங்குதளம் எண்ணிச் சேர்த்ததைத் தெருவில் கொட்டுகின்றன; பிறகு பொறி அதையெல்லாம் வட்டிலிருந்து மறுபடி பொறுக்கி வரவேண்டும். அத்தகைய செயலிகளை நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பொறியைக் கூட்டிச் சேர்க்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். ஆலையில் ஒரு மடிக்கணினி உருவாகும்போது, தாய்ப்பலகையைச் சட்டத்தில் பொருத்தி, நினைவகத் தகட்டையும் சேமிப்பகத்தையும் அழுத்திச் சேர்த்து, மின்கலம், திரை, விசைப்பலகை ஆகியவற்றை இணைக்கிறார்கள். பின்னர் இயங்குதளத்தின் படியை ஏற்றிச் சோதனைக்கு விடுகிறார்கள். நினைவகச் சோதனை என்பது, குறித்த வடிவங்களை ஒவ்வோர் அறையிலும் எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று படித்துப் பார்ப்பது. ஒரே ஒரு துணுக்குத் தவறினாலும் அத்தகடு ஆகாது. வீட்டிலே தாமே கணிப்பொறி கூட்டுவோர் சென்னையில் ரிச்சி தெருவுக்குச் செல்வார்கள். அவர்கள் செய்வதும் இதே வேலைதான். சோதனை மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஓரிரவு சோதனை நிரலை ஓடவிட்டுப் பார்ப்பது, பின்னர் பல நாள் காரணம் அறியாது தவிப்பதைத் தடுக்கும்.

எட்டு கிகாபைட் தகடு ஒன்று வாங்குவதா, நான்கு கிகாபைட் தகடு இரண்டு வாங்குவதா? இரண்டு தகடுகள் இரு வாய்க்கால்களில் அமைந்தால் ஒரே நேரத்தில் இரண்டிலிருந்தும் செய்தி பாயும். தனி வரைகலைச் சில்லு இல்லாத பொறிகளில் திரைக்குரிய படமும் இதே நினைவகத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்கே இந்த இரட்டை வாய்க்காலின் பயன் கண்ணுக்கே தெரியும். ஆனால் பிற்காலத்தில் பெருக்க எண்ணுவோர் எட்டு கிகாபைட் தகடு ஒன்றை இட்டு மற்றப் பொருத்துவாயைக் காலியாக விடுவது சிக்கனம். டி.டி.ஆர். மூன்று, நான்கு, ஐந்து என்னும் வகைகளின் தகடுகளில் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் வாயில் நுழையாது. மேசைக்கணினித் தகடு மடிக்கணினியில் அளவாலேயே பொருந்தாது. பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு விடுகிறது. அத்தகைய பொறியை வாங்குபவர் முதல் நாளில் பெற்ற நினைவகத்தோடே கடைசி நாள்வரை காலம் தள்ளவேண்டும். விலைப்பட்டியலில் இது சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இராது, கேட்டறிய வேண்டும்.

இயங்குதளத்தைத் தேர்வதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2007-ஆம் ஆண்டை ஒட்டி, சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, அந்நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. அதே 2007-இல், சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டனர். அதில் தமிழ் உட்பட நம் மொழிகள் பலவற்றில் பணி செய்யலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மடிக்கணினிகள் நம் மாணவர் கைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே குடியிருந்தன. பொறியைத் தட்டி எழுப்பியதும், 'இருவருள் யார் வேண்டும்?' என்று திரை கேட்கும். பெரும்பாலோர் விண்டோஸையே தேர்ந்தனர். பாஸ் இருந்ததை அறியாமலே படிப்பை முடித்தவரும் உண்டு. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளிலேயே நடப்பதால் அங்கே இந்நிலை இல்லை. கருவியைக் கொடுத்த நாம், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையும் பாடத்தையும் அதே வேகத்தில் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

இந்த இரண்டாம் குடித்தனக்காரர் இப்பொழுது மீண்டும் நினைவுக்கு வரவேண்டிய காரணம் நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது நான்கு கிகாபைட் நினைவகம் கேட்கிறது, டி.பி.எம். இரண்டு என்னும் பாதுகாப்புச் சில்லையும், பழையதல்லாத செயலியையும் கேட்கிறது. பத்தாண்டுக்கு முற்பட்ட மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இத்தேர்வில் தேறா. நினைவகத்தைக் கூட்டினாலும் செயலி பழையதாயிருப்பின் பயனில்லை. அன்றியும், 32 துணுக்கு விண்டோஸ் ஏற்றிய பழைய பொறிகள் நான்கு கிகாபைட்டுக்கு மேல் எண்ணவே அறியா; 32 துணுக்குகளால் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம்தான். இத்தகைய பொறி உடைந்துபோனதன்று. ஆதரவு மட்டுமே அற்றுப்போயிற்று. இரண்டு கிகாபைட் நினைவகத்தில் எளிய லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் எழுதவும், நிரல் பயிலவும், நூல் படிக்கவும் அது இன்னும் உதவும். உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறக்க மட்டும் முயலலாகாது. இடம் அறவே இல்லாது போனால் லினக்ஸ் தானே ஒரு நிரலைத் தேர்ந்து முடித்துவிடும், பெரும்பாலும் உலாவியைத்தான்.

புதுப் பொறி வைத்திருப்பவர் நிலை வேறு. பாடத்திற்கு வேண்டிய மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமாயின் விண்டோஸே வேண்டும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரல் எழுதக் கற்பவர் லினக்ஸை அறியாமல் இருத்தல் ஆகாது. உலகின் இணைய வழங்கிகளில் பெரும்பகுதி அதன்மேல் ஓடுகிறது. இருவேறு கட்சியாகப் பிரிந்து நின்று வழக்காடும் மாணவரைக் காணும்போது எனக்கு நகைப்பே வரும். ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் லினக்ஸை எழுதி, வட்டைத் தொடாமலே அதிலிருந்து பொறியை எழுப்பி ஒரு வாரம் பழகிப் பார்க்கலாம். ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகிய மூன்றும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக விலையைப் பற்றி ஒன்று. 2023-இல் இந்திய அரசு கணிப்பொறி உற்பத்திக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. 2025-இல் டிக்சன் நிறுவனம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மடிக்கணினி ஆலை அமைக்கத் தமிழ்நாட்டு அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஆயினும் கூட்டிச் சேர்ப்பது இங்கே நடந்தாலும், அந்த ஓட்டைக் குடங்களைக் கொண்ட சில்லுகள் இங்கே வார்க்கப்படுவதில்லை. உலகின் பெரும்பகுதி நினைவகச் சில்லுகளைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை அறிவுக்கென எழும் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனதால், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை மிக ஏறியது; 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குருசியல் என்னும் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே பொருத்துவாய் காலியாக உள்ள பொறி வைத்திருப்பவர், முதலில் ஒரு வாரம் தம் அன்றாட வேலையின் நடுவே 'கொடுக்கக்கூடிய' நினைவகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறித்து வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கிகாபைட்டுக்கு மேல் எப்பொழுதும் மிஞ்சுமாயின் கடைக்குச் செல்வதை ஒத்திப்போடலாம்.